பூஞ்சைக்கு எதிராக மூன்று செடி மருந்துகள்: எது எங்கே கைகொடுத்தது

வெள்ளரி, பூசணி, தக்காளி, வேலியோரம் ரோஜா, ஒரு பந்தல் திராட்சை. என் தோட்டத்தில் இருப்பது இவ்வளவுதான். ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பூஞ்சை நோய் உண்டு, பருவம் தவறாமல் வந்து நிற்கும். சில பருவங்களாக நான் பெரும்பாலும் செடிகளிலிருந்து எடுக்கும் பூஞ்சைக்கொல்லிகளைத்தான் தெளித்து வருகிறேன். அவற்றில் மூன்றைப் பற்றி எழுதுகிறேன்: சுத்திகரித்த வேப்பெண்ணெய்; யூஜெனால், ஜெரானியால், தைமால் என்ற மூன்று நறுமணப் பொருட்கள் சேர்ந்த மருந்து; ராட்சத நாட்வீட் என்ற செடியின் சாறு.

பிராண்ட் பெயர்களை விட்டுவிடுகிறேன். ஒரே சரக்கு பல பெயர்களில் விற்கிறது. பாட்டிலைத் திருப்பி, செயல்படும் பொருள் எது, எத்தனை சதவீதம் என்ற வரியைப் படித்தால் போதும். அந்த வரி இல்லாத பாட்டிலை நான் வாங்குவதில்லை, முன்பக்கத்தில் 'நூறு சதவீதம் இயற்கை' என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் சரி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாம்பல் நோய்க்கு வேப்பெண்ணெய், யோசிக்கவே வேண்டாம். திராட்சைக் குலையிலும் ரோஜா மொட்டிலும் வரும் பொட்ரைட்டிஸ் பூஞ்சணத்துக்கு அந்த மூன்று பொருள் கலவை. நாட்வீட் சாறு, நோய் வருவதற்கு முன்னால் தெளித்தால் மட்டும். அடிச்சாம்பல் நோய், தக்காளியில் வரும் பின்பருவக் கருகல் இரண்டுக்கும் இந்த மூன்றில் எதையும் நம்பி இருக்காதீர்கள்.

ஒரு செடி மருந்து வேலை செய்யுமா என்று கேட்பதற்கு முன், அந்த நோய்க்கிருமி இலையில் எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளரி, பூசணி இலைகளில் மாவு தூவியது போல வெள்ளையாக வருகிறதே, அந்தச் சாம்பல் நோய்ப் பூஞ்சை கிட்டத்தட்ட முழுக்க இலைக்கு வெளியேதான் வாழ்கிறது. மேல்தோல் செல்களுக்குள் சின்னச் சின்ன உறிஞ்சு உறுப்புகளை மட்டும் இறக்கிச் சத்தை எடுத்துக்கொள்ளும். இழைகளும், பூஞ்சையைப் பரப்பும் நுண்துகள்களான வித்துகளும் வெளியே திறந்து கிடக்கும். மேலே படுகிற எண்ணெய் அதை நேராகத் தொடுகிறது.

அடிச்சாம்பல் நோயின் கிருமி அப்படி இல்லை. இலைத்துளை வழியாக உள்ளே போகும், திசுவுக்குள்ளேயே பரவும், அப்புறம்தான் இலையின் அடிப்பக்கத்தில் வெளியே தலைகாட்டும். போதாக்குறைக்கு அது உண்மையான பூஞ்சையே இல்லை. ஊமைசீட் என்ற தனி வகை. தக்காளியையும் உருளைக்கிழங்கையும் கருக வைக்கும் பைட்டோப்தோராவும் அதே வகைதான். செடி மருந்துகளில் பெரும்பாலானவை இலைக்குள் ஊடுருவாதவை. பட்ட இடத்தில் வேலை செய்யும், படாத இடத்தில் ஒன்றும் நடக்காது. 'வேப்பெண்ணெய் அடித்தேன், கேட்கவில்லை' என்று யாராவது சொன்னால், என்ன நோய்க்கு அடித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

சரி, வேப்பெண்ணெய்.

வேம்பு என்றதும் எல்லோரும் அசாடிராக்டினைப் பற்றிப் பேசுவார்கள். 1968-ல் வேப்பங்கொட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள் அது. அதன் அமைப்பு அவ்வளவு சிக்கல். ஸ்டீவன் லே தலைமையிலான கேம்பிரிட்ஜ் குழு ஆய்வகத்தில் அதை முழுமையாக உருவாக்கிக் காட்டியது 2007-ல்தான். பிரமிப்பான மூலக்கூறு, சந்தேகமில்லை. ஆனால் அது பூச்சிக்கான மருந்து. பூச்சி தோலுரித்து வளர்வதைக் கெடுப்பதுதான் அதன் வேலை. பூஞ்சைக்கென்று விற்கும் வேப்பெண்ணெய் வேறு சரக்கு: அசாடிராக்டினைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சும் எண்ணெயைத் தெளிவாக்கியது. அந்த எண்ணெய்தான் வித்து முளைக்காமல் தடுக்கிறது, முளைத்த இழையின் மேல் படிந்து அதை அடக்குகிறது. அசாடிராக்டின் மட்டும் இருக்கும் பாட்டிலை வாங்கிச் சாம்பல் நோய்க்குத் தெளித்தால் பலன் எதிர்பார்க்க முடியாது. இரண்டு பாட்டிலிலும் வேப்பிலைப் படம்தான் இருக்கும், கவனம்.

என் பூசணிப் பாத்தியில் இது எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். அடி இலைகளில் முதல் வெள்ளைப் பொட்டு தெரிந்ததுமே தெளித்த கொடிகளில் நோய் அந்த இலைகளோடு நின்றது. மேலே வந்த புதிய இலைகள் கடைசிவரை பச்சையாகவே இருந்தன, காய்ப்பும் குறையவில்லை. பாத்தியின் மறுகோடியில் பாதி இலை ஏற்கெனவே வெளுத்துப் போன கொடிகள் சில இருந்தன. அவற்றில் தெளித்தபோது வெள்ளை மங்கியது, ஆனால் அந்த இலைகள் தேறவில்லை; மஞ்சளாகிக் காய்ந்தன. இதற்காக மருந்தைக் குறை சொல்ல மாட்டேன். செத்த திசுவை உயிர்ப்பிக்கும் மருந்து எந்த வகையிலும் கிடையாது.

நேரம்தான் இதில் எல்லாம். வித்து இலையில் விழுந்து, வெள்ளை கண்ணுக்குத் தெரிய மூன்றிலிருந்து ஏழு நாள் போதும். மற்றப் பூஞ்சைகள் பலவற்றுக்கு இலை நனைந்திருக்க வேண்டும், இதற்கு அது தேவையில்லை. காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும். மழையே இல்லாத நாட்களிலும் வருகிறதே என்று திகைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எப்போதும் நிழலில் இருக்கும் பழைய அடி இலைகளில்தான் தொடங்கும், அதிலும் பல நேரம் இலையின் அடிப்பக்கத்தில். அந்த இலைகளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்த மருந்து உங்களைக் கைவிடாது.

கலப்பதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். எண்ணெய் குளிர்ந்தால் கெட்டியாகிவிடும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் இளகும். என்னுடைய பாட்டிலில், எண்ணெயைத் தண்ணீரோடு சேர வைக்கும் பொருள் ஏற்கெனவே கலந்திருக்கிறது. வெறும் எண்ணெயாக வாங்கினால் அதை நாம்தான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். தெளிப்பானிலிருந்து முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் வரும். லேபிள் சொல்லும் அளவு ஒரு சதவீதத்துக்குள், அதாவது லிட்டருக்கு 10 மில்லியைத் தாண்டாது. தடுப்புக்கு என்றால் 14 நாளுக்கு ஒரு தடவை, நோய் வந்துவிட்டால் 7 நாளுக்கு ஒரு தடவை. கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். தெளிக்கும்போது நடுநடுவே தெளிப்பானைக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

நாசிலை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடிப்பக்கத்திலிருந்து தெளிப்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். இலையின் மேல்பக்கம் பளபளவென்று நனைந்திருக்கும், திருப்தியாக இருக்கும். ஆனால் நோய் கீழே இருக்கும். படாத இடத்தில் வேலை செய்யாத மருந்து என்று மேலே சொன்னேனே, அதன் நடைமுறைப் பொருள் இதுதான். ஒரே அளவு மருந்தை வைத்துக்கொண்டு நிதானமாகத் தெளிப்பவருக்கும் அவசரமாகத் தெளிப்பவருக்கும் கிடைக்கும் பலன் அவ்வளவு வேறுபடும்.

குறைகளும் உண்டு. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நேரத்திலோ, செடி தண்ணீருக்கு வாடியிருக்கும்போதோ தெளித்தால் இலை ஓரம் கருகும். கந்தகம் தெளித்த செடியில் இரண்டு வாரம் போகாமல் எந்த எண்ணெயையும் தெளிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலையைச் சுட்டுவிடும். புதிய பயிர் என்றால் முதலில் ஒன்றிரண்டு இலைகளில் தெளித்து, ஓரிரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் முழுச் செடிக்கும் போக வேண்டும். மழை பெய்தால் கழுவிப் போய்விடும், மறுபடி தெளிக்க வேண்டும். திராட்சையில் காய் பிடித்த பிறகு நான் இதைத் தொடுவதே இல்லை: பழத்தின் மேல் இருக்கும் அந்த மெல்லிய வெண்மெழுகுப் பூச்சை எண்ணெய் அழித்துவிடும், பழம் பார்க்க அழுக்காகிவிடும். அப்புறம் அந்த வாடை. எனக்குப் பழகிவிட்டது, பக்கத்தில் வசிப்பவர்களுக்குப் பழகுமா என்று யோசித்துத் தெளியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பூசணி, வெள்ளரி, ரோஜாவின் சாம்பல் நோய்க்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். ரோஜாவின் கரும்புள்ளி நோய்க்கு மூன்று. முதல் புள்ளிக்கு முன்பே தொடங்கினால்தான் அந்த மூன்றும்.

இரண்டாவது மருந்து எனக்கு மிகவும் பிடித்தது. யூஜெனால் கிராம்பின் மணம். கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். தைமால் என்பது தைம் செடியிலும் ஓமத்திலும் இருக்கும் காரமான மணம். ஜெரானியால் பாமரோசாப் புல்லிலிருந்தும் ரோஜாவிலிருந்தும் வருவது. மூன்றும் கொழுப்பில் கரைபவை. பூஞ்சையின் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. இவை அதற்குள் புகுந்து அதன் ஒழுங்கைக் குலைக்கின்றன, உள்ளே இருக்க வேண்டிய அயனிகள் கசிந்து வெளியேறுகின்றன, செல் செயலிழக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த மூன்றையும் 2013-ல் பயிர்ப்பாதுகாப்புக்கான செயல்படும் பொருட்களாக அனுமதித்தது. திராட்சையின் பொட்ரைட்டிஸ்தான் முக்கிய இலக்கு.

இந்த எண்ணெய்களின் பெரிய பலவீனம் அவற்றின் மணமேதான். மணக்கிறது என்றால் ஆவியாகிறது என்று அர்த்தம். இலையில் தெளித்த கொஞ்ச நேரத்திலேயே காற்றில் கலந்து போய்விடும். அதற்கு இந்த மருந்தில் கண்டிருக்கும் தீர்வு அழகானது. ஈஸ்ட் செல்லின் உள்ளடக்கத்தை நீக்கிவிட்டு, மிஞ்சும் வெற்றுச் செல்சுவருக்குள் இந்த எண்ணெய்ப் பொருட்களை அடைத்துவிடுகிறார்கள். காய்ந்த இலையில் அவை உள்ளேயே இருக்கும். இலை ஈரமாகும்போது மெல்ல வெளியே வரும். பொட்ரைட்டிஸ் வித்து முளைப்பதும் ஈரம் இருக்கும்போதுதான். எதிரி எழுந்திருக்கும் நேரத்திலேயே மருந்தும் எழுந்திருக்கிறது. நான் காசு கொடுப்பது அந்த மூன்று மணப்பொருட்களுக்காக அல்ல, இந்த அடைக்கும் வேலைக்காகத்தான். கொடுத்த காசுக்கு மதிப்பு உண்டு.

என் திராட்சை நெருக்கமான குலை விடும் ரகம். காய்கள் பருக்கும்போது ஒன்றையொன்று நெருக்கும், ஏதாவது ஒன்று வெடிக்கும், அங்கிருந்து சாம்பல்நிறப் பூஞ்சணம் குலை முழுக்க ஓடும். இந்தப் பந்தலில் ஒரு பக்கம் குலையைச் சுற்றியிருந்த இலைகளை மட்டும் கிள்ளிக் காற்றோட்டம் கொடுத்தேன். மறுபக்கம் இலையும் கிள்ளி, இந்த மருந்தையும் தெளித்தேன்: பூ உதிரும் நேரத்தில் ஒரு தடவை, காய்கள் நெருங்கிக் குலை மூடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை, பழம் நிறம் மாறத் தொடங்கியபோது மறுபடி. இலை மட்டும் கிள்ளிய பக்கத்தில் அங்கங்கே குலைக்குள் பூஞ்சணம் புகுந்துவிட்டது, அவற்றைக் கத்தரித்து எறிய வேண்டியிருந்தது. தெளித்த பக்கத்தில் குலைகளைப் பிளந்து பார்த்தபோதும் உள்ளே சுத்தமாக இருந்தன. குலை மூடுவதற்கு முன் தெளிப்பதுதான் இதில் உயிர்நாடி. மூடிய பிறகு குலையின் நடுவுக்கு எதைத் தெளித்தாலும் போய்ச் சேராது.

ரோஜா மொட்டுகளிலும் இதே அனுபவம். ஈரமான நாட்களில் மொட்டு விரியாமலே பழுப்பாகி அழுகும் தொல்லை வெகுவாகக் குறைந்தது. பூவின் இதழ்களில் கறை படியவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

'கிராம்பு எண்ணெய் தனியாகவே கிடைக்கிறதே, சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்தால் என்ன?' என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதே கிராம்பு எண்ணெய் அதிக அளவில் களைக்கொல்லியாக விற்கப்படுகிறது. பூஞ்சையின் சவ்வைக் குலைக்கும் பொருளுக்கு இலையின் சவ்வு மட்டும் விதிவிலக்கு அல்ல. எனக்குத் தெரிந்த ஒருவர் தோட்டத்தில், கண்ணளவாகக் கலந்த கிராம்பு எண்ணெயில் நல்ல தக்காளி நாற்றுகள் ஒரே நாளில் கருகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பூஞ்சை சாகும் அளவுக்கும் இலை சாகும் அளவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி குறுகலானது. அந்த இடைவெளிக்குள் நிற்க வைப்பதுதான் தயாரிப்பாளரின் வேலை.

இயற்கையிலிருந்து வந்தது என்பதற்காகக் கையுறையை விட்டுவிடாதீர்கள். யூஜெனாலும் ஜெரானியாலும் சிலருக்குத் தோல் ஒவ்வாமை உண்டாக்கும். வாசனைப் பொருட்களால் வரும் ஒவ்வாமைகளில் இவை பெயர் பெற்றவை. தைமால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். தேனீ வளர்ப்பவர்கள் கூட்டுக்குள் வரும் உண்ணிக்கு எதிராகத் தைமாலையே பயன்படுத்துகிறார்கள், அதனால் பூக்கள் மேல் தெளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கூட்டுக்குள் அளந்து வைப்பது வேறு, பறக்கும் தேனீயின் மேல் ஈரமாகப் படுவது வேறு. மாலையில், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு தெளிப்பதே முறை. வேப்பெண்ணெய்க்கும் இதேதான். வேப்பெண்ணெயைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். கைக்குழந்தைகள் அதை விழுங்கி மூளை பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மீதமான கலவையைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது, நீர்வாழ் உயிர்களுக்கு இந்த எண்ணெய்கள் கெடுதல்.

பொட்ரைட்டிஸுக்கு இந்தக் கலவைக்கு ஐந்துக்கு நான்கரை. சாம்பல் நோய்க்கும் கேட்கிறது, ஆனால் அதற்கு வேப்பெண்ணெயே போதும்.

மூன்றாவது, ராட்சத நாட்வீட் சாறு. ரெய்னூட்ரியா சாகாலினென்சிஸ் என்ற செடியிலிருந்து எடுப்பது. பல நாடுகளில் இது பரவித் தொல்லை கொடுக்கும் களை. அதிலிருந்து பயிருக்கு மருந்து வருவதில் எனக்கு ஒரு சந்தோஷம். இந்தச் சாற்றின் முக்கிய வேலை பூஞ்சையைக் கொல்வது அல்ல. இலைக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்து, செடி தன் சொந்தப் பாதுகாப்புப் பொருட்களை உருவாக்க வைக்கிறது. தாக்கப்பட்ட செடி புதிதாகத் தற்காப்புப் பொருட்களை உருவாக்கும் என்ற கருத்தை 1940-ல் முல்லரும் பெர்கரும் உருளைக்கிழங்கில் ஆராய்ந்து முன்வைத்தார்கள். அந்தக் கருத்தின் நடைமுறைப் பயன் இந்தப் பாட்டில்.

செடி தயாராகச் சற்று நேரம் வேண்டும், ஆகவே நோய் வந்த பிறகு தெளித்துப் பயனில்லை. என் வெள்ளரியில் வெள்ளை தெரிந்த கொடிகளில் இதைத் தனியாகத் தெளித்துப் பார்த்தேன். நோய் பாட்டுக்குப் பரவியது. நோய் வருவதற்கு முன்பே தொடங்கி, வேப்பெண்ணெயோடு மாற்றி மாற்றித் தெளித்த கொடிகளில் நிலைமை வேறு. அங்கே நோய் தாமதமாக வந்தது, வந்தபோதும் அங்கங்கே சில பொட்டுகளோடு நின்றது, வேப்பெண்ணெய் தெளிக்கும் இடைவெளியை நீட்ட முடிந்தது. கோடை வெயிலில் எண்ணெய் தெளிக்க முடியாத நாட்களில் இது பெரிய உதவி. கரைசல் அடர்ந்த நிறம், துணியில் பட்டால் கறை. ஐந்துக்கு மூன்று. தனியாக வாங்காதீர்கள், துணைக்கு வாங்குங்கள்.

வீட்டில் தயாரிக்கும் கரைசல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூண்டில் வேலை செய்வது அல்லிசின். 1944-ல் காவல்லிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்தது. முழுப் பூண்டில் அது இல்லை. நசுக்கும்போது ஒரு நொதி செயல்பட்டுத்தான் உருவாகிறது, சீக்கிரமே சிதைந்தும் போகிறது. பூண்டை முதலில் வேக வைத்துவிட்டால் அந்த நொதி கெட்டு, அல்லிசினே பிறக்காது. பச்சையாக அரைத்து, வடிகட்டி, உடனே தெளித்தால் ஓரளவு பலன் உண்டு. ஆனால் ஒரு தடவை போல் இன்னொரு தடவை இருக்காது. ஹார்ஸ்டெயில் செடியின் கஷாயம் இதைவிட மேல். சிலிக்கா நிறைந்த செடி அது. வேறு தேவைக்கு விற்கப்பட்டாலும் பயிரைக் காக்கவும் உதவும் பொருட்களுக்கென்று ஐரோப்பிய ஒன்றியம் 'அடிப்படைப் பொருள்' என்ற பிரிவை வைத்திருக்கிறது; 2014-ல் அதில் முதன்முதலாக அனுமதித்தது இந்தச் செடியைத்தான்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு, கடையில் கிடைக்கும் வலுவான ரசாயனப் பூஞ்சைக்கொல்லியை ஒரு தடவை அடித்துவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஸ்ட்ரோபிலூரின் கதையைச் சொல்வேன். ஒரு சிறு காளானில் கண்டுபிடித்த பொருளை மாதிரியாக வைத்து உருவாக்கிய அருமையான மருந்து வகை அது. 1996-ல் விற்பனைக்கு வந்தது. 1998-லேயே ஜெர்மனியில் கோதுமையின் சாம்பல் நோய்ப் பூஞ்சை அதற்கு எதிர்ப்பு பெற்றுவிட்டது. பூஞ்சையின் ஒரே ஒரு புரதத்தில் ஒரே ஒரு இடத்தில் வந்த மாற்றம் போதுமானதாக இருந்தது. ஒரே இலக்கைக் குறிவைக்கும் மருந்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. யூஜெனால், தைமால் வகைகள் செல் சவ்வையே குலைப்பவை. அதிலிருந்து தப்பிப்பது பூஞ்சைக்கு அவ்வளவு சுலபமில்லை. பூஞ்சைக்கொல்லி எதிர்ப்பைக் கண்காணிக்கும் சர்வதேசக் குழுவான ஃப்ராக், இந்த வகை எண்ணெய்களையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. அவற்றுக்கு எதிர்ப்பு அறியப்படவில்லை என்றே குறித்திருக்கிறது. ரசாயன மருந்து தெளிப்பவர்களும் நடுநடுவே இவற்றைச் சேர்த்தால் அந்த ரசாயனத்தின் ஆயுளும் நீளும். இரண்டும் எதிரிகள் இல்லை.

தாமிரம் பற்றியும் எனக்குக் கவலை இருக்கிறது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் மில்லார்டே 1885-ல் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைக் கொண்டுவந்ததிலிருந்து தாமிரம் எத்தனையோ தோட்டங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் தாமிரம் உலோகம், சிதைவதில்லை. தெளித்தது முழுக்க மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுக்களைப் பாதிக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். செடி எண்ணெய்கள் வெயிலிலும் மண்ணிலும் சிதைந்து போகின்றன. தெளிப்பவருக்கு அது எரிச்சல், மண்ணுக்கு நல்லது. நான் மண்ணின் பக்கம்.

அடிச்சாம்பலுக்கும் பின்பருவக் கருகலுக்கும் என்ன செய்கிறேன் என்றால், முதலில் எதிர்ப்புத்திறன் உள்ள ரகமாகத் தேர்ந்தெடுக்கிறேன். இலை நனையாமல் வேருக்கு மட்டும் தண்ணீர். தக்காளியின் அடி இலைகளையும் பக்கக் கிளைகளையும் கிள்ளிக் காற்று ஓட விடுகிறேன். வெள்ளரி இலையில் நரம்புகளுக்கு நடுவே கோணல்மாணலான மஞ்சள் கட்டங்கள் தெரிந்தால் அது அடிச்சாம்பல். அந்த இலையை அப்போதே நீக்குகிறேன். மழை விடாமல் பெய்யும் பருவத்தில் மட்டும் குறைந்த அளவு தாமிரம். இந்த இடத்தில் வேப்பெண்ணெயைத் தெளித்துக்கொண்டு நாட்களைக் கடத்துவது பயிரை இழக்கும் வழி, இரண்டே வாரத்தில் வயலே போய்விடும்.

வேப்பெண்ணெயையும் மூன்று பொருள் கலவையையும் நான் மறுபடி வாங்கிவிட்டேன், நாட்வீட் சாற்றை வெள்ளரிக்கு மட்டும் சின்ன அளவில். வாங்கும்போது தயாரித்த தேதியையும், உங்கள் பயிரும் நோயும் லேபிளில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்கள் இந்த மருந்துகளுக்கு மிகக் குறைவு, சிலவற்றுக்குக் காத்திருக்கவே வேண்டாம். ஆனாலும் பறிக்கப்போகும் காயில் கிராம்பு வாசனை ஏற வேண்டாம் என்று நான் சில நாள் விட்டே பறிக்கிறேன். ஈஸ்ட் செல்லுக்குள் அடைத்த மருந்து பாட்டிலின் அடியில் படியும் தன்மை உள்ளது. அளப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் பாட்டில் தீரும்வரை அளவு ஒரே மாதிரி இருக்காது.